அவனிடம் யார் சொல்வது?

(வாசகர் கேள்வி-பதில். பதில் சொல்பவர் கோவையில் புற்றுநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கோபி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறார்.)

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. காங்கயம் பக்கம் ஒரு கிராமம், விவசாயம் பார்க்கிறேன். என் அக்கா மகனுக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நாலு வருடமாக ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்கள். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்று வைகாசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். கேஸ் என்று மாத்திரை வாங்கிப் போட்டான். ஆள் பாதியாகிவிட்டான். போன மாதம் எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி, ஸ்கேன் எடுத்தோம். இரைப்பையில் புற்று, கல்லீரலுக்கும் வயிற்று உறைக்கும் பரவிவிட்டது, நாலாவது ஸ்டேஜ் என்று டாக்டர் என்னையும் மச்சானையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவனிடம் குடல் புண் முற்றிக் கட்டியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் முதல் கீமோ.

மச்சான் இரண்டு ஏக்கரை விற்று மும்பைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். ஒறம்பரைக்காரர் (சொந்தக்காரர்) ஒருவர் கேரளாவில் மருந்து இருக்கிறது, கீமோவே வேண்டாம் என்கிறார். அக்கா நாள் முழுக்கத் தட்டோடு அவன் பின்னால் நிற்கிறது, அவன் வாயைத் திறப்பதில்லை. தையில் கல்யாணம் பேசி வைத்திருந்தோம். சீக்கிரம் முடித்துவிட்டால் மனசு தேறுவான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளை. நான் என்ன செய்யட்டும்?
தாய்மாமன் ஒருவர்

பதில்: தம்பி, நிலம், கேரள மருந்து, சாப்பாடு, கல்யாணம் என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நாலுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பையன்தான். அவனுக்கு விஷயம் தெரியாத வரைக்கும் அவனால் எதற்கும் பதில் சொல்ல முடியாது. அதனால் முதலில் அவனிடம் யார் சொல்வது என்பதைப் பேசி முடித்துவிடலாம்.

கீமோவுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். ஃபைலும் அனேகமாக அவன் கட்டில் தலைமாட்டில்தான் கிடக்கும். அதில் அடினோகார்சினோமா (ஒரு வகைப் புற்று), மெட்டாஸ்டேசிஸ் (பரவியது) என்றெல்லாம் எழுதியிருக்கும். கையில் போன் இருக்கிற 27 வயதுப் பையன் அதைத் தேடிப் பார்க்காமலா இருப்பான்? நான் வார்டில் பார்த்த வரைக்கும் இந்த வயதுப் பிள்ளைகளில் உண்மையிலேயே தெரியாமல் இருந்தவர்கள் அபூர்வம். ராத்திரி டியூட்டியில் ஒரு பையன் என்னிடம், "சிஸ்டர், எனக்குத் தெரியும்னு எங்க அப்பாகிட்ட சொல்லீராதீங்" என்றான். அப்பா வெளியே பெஞ்சில் படுத்திருந்தார். மாலையில்தான் அவரும் அதையே, மகனிடம் சொல்லிவிட வேண்டாம் என்று, என்னிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஆக வேண்டாம்.

சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஓ.பி. கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை இது. முன்னாடியே போய், "டாக்டர், அவனிடம் நீங்களே சொல்லணும், கடைசி டோக்கனாகக் கொடுங்க" என்று கேளுங்கள். அதற்கு முந்தின நாள் அவனைத் தனியாகக் கூட்டிப்போய், "மாப்பிள்ளே, ரிப்போர்ட்டைப் பத்தி உனக்கு எவ்வளவு தெரியணும்? எல்லாத்தையும் கேட்டுக்கறயா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். சிலர் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள். சிலர், "என்ன மருந்து, எத்தனை நாளைக்கொரு முறை, அவ்வளவு போதும், மிச்சத்தை மாமன் கேட்டுக்கட்டும்" என்பார்கள். இரண்டும் சரி. கேட்காமலே நீங்கள் முடிவு பண்ணுவதுதான் சரியில்லை. அக்காவுக்கு இதில் சம்மதம் இருக்காது. அழும். "எம் மகனக் கொல்லப் பாக்கறயா" என்றுகூடச் சொல்லும். தம்பிதானே, வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ராத்திரியில், "நான் பொழச்சுக்குவனா மாமா?" என்று உங்களிடம் அவன் கேட்பான். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும், மறுபடி கேட்கவே மாட்டான். "முழுசா குணமாக்க முடியாதுன்னாங்க. கட்டுப்படுத்தி வைக்க மருந்து இருக்குதுன்னும் சொன்னாங்க. நீ எதை நினைச்சுப் பயப்படற?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்தது மாதிரியே இருக்காது. வலிக்குமா என்பான், அம்மாவை யார் பார்ப்பது என்பான், பைக் லோனைப் பற்றிக் கேட்பான்.

நாலாவது ஸ்டேஜ் என்றால் என்ன என்பதை நீங்களும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நிலையில் அறுவை செய்து முழுக்க எடுப்பது பெரும்பாலும் முடியாது. கீமோ கட்டியைச் சுருக்கும், தொந்தரவைக் குறைக்கும், நாளை நீட்டிக் கொடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது மாதக் கணக்கு. மருந்து நன்றாகப் பிடித்துக்கொண்ட சிலருக்கு வருடக் கணக்கு. உங்கள் பையன் இதில் எந்தப் பக்கம் என்று முதல் நாளே எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கிற ஸ்கேனில்தான் கொஞ்சம் பிடிபடும்.

கீமோ அடுத்த வாரம் என்பதால், இந்த வாரமே டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. பயாப்ஸி எடுத்த சதையில், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற ஹெர்-2, பி.டி.-எல்1, எம்.எஸ்.ஐ. பரிசோதனைகள் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இரைப்பைப் புற்று உள்ளவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவருக்கு ஹெர்-2 பாசிட்டிவ் வரும். வந்தால் கீமோவோடு ட்ரஸ்டுசுமாப் என்ற ஊசியும் சேர்ப்பார்கள். அதனால் ஆயுள் கூடுகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே அதே மாதிரி மருந்தைச் செய்வதால் விலையும் முன்பு மாதிரி இல்லை. மற்ற இரண்டும் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற மருந்து, கேட்குமா என்று பார்ப்பதற்கு. இரண்டாவது விஷயம், கீமோவால் விந்தணு பாதிக்கப்படலாம் என்பது. முதல் டோஸுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்க வழி இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பது அவன் முடிவு, அவனிடம் கேட்டே ஆக வேண்டும். குடல் புண் என்று சொல்லி வைத்துவிட்டு இதை எப்படிக் கேட்பீர்கள்?

கல்யாணப் பேச்சுக்கும் இதே பதில்தான். பெண்ணுக்கும் பெண் வீட்டுக்கும் உண்மையைச் சொல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மனசு தேறட்டும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுக்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். இரண்டு பேரும் எல்லாம் தெரிந்து, பேசி, அதற்கப்புறமும் வேண்டும் என்றால் அது அவர்கள் பாடு.

இனி நிலம். விற்க வேண்டாம். மும்பையில் ஏற்றப் போவதும் கோவையில் ஏற்றப் போவதும் பெரும்பாலும் ஒரே மருந்துதான். ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி, கேப்சிடபின் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்கிற முறை எல்லா ஊரிலும் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவ்வளவு தூரம் ரயிலில் போய் வந்தால், அவனுக்குத் தெம்பு இருக்கிற நல்ல நாட்கள் எல்லாம் பிரயாணத்திலேயே போய்விடும். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் தாராளமாக ஒரு முறை கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கோவையிலேயே வேறு ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதை), ஸ்லைடு, ஸ்கேன் சி.டி. மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை உங்களுக்குச் சேர வேண்டியவை. ரயிலில் போவதானால் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் கேளுங்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை.

நிலத்துக்கு முன்னால் ஈ.எஸ்.ஐ. கார்டை எடுங்கள். இதை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள். சிகிச்சை ஒரு பக்கம், சம்பளம் இன்னொரு பக்கம். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத முதல் 91 நாளைக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கப்புறம், தொடர்ந்து இரண்டு வருடம் வேலையில் இருந்து சந்தா கட்டியவர்களுக்கு, நீண்ட கால நோய்ப் பட்டியலில் உள்ள 34 நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும் நீட்டிப்பார்கள். புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால், "உடம்பு முக்கியம், வேலையை விட்டுரு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இதெல்லாம் சிக்கலாகிவிடும். அந்தப் பணம் வாங்குகிற காலத்தில் வேலைக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் ஈ.எஸ்.ஐ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு முன்பணம் எடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. இல்லாத மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

கேரள மருந்து, முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு எல்லாம் இனி வாசலுக்கே வரும். நம் ஊர் என்பதால் ஈரோட்டு மஞ்சளும் கட்டாயம் வரும். ரசத்தில் போடுகிற மஞ்சள் போடட்டும். மாத்திரையாக டப்பாவில் வருவதை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கீமோ ஓடும்போது கஷாயம் குடித்துக் கல்லீரல் கோளாறாகி, அடுத்த டோஸ் தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவனுக்குக் கல்லீரலில் ஏற்கெனவே நோய் இருக்கிறது. கொண்டுவருகிறவர்களிடம் சண்டை வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டு, "டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கறமுங்" என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் அவனைவிட அக்காவுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். இரைப்பையில் கட்டி இருக்கிறவனுக்கு இடமே இருக்காது, நாலு வாயில் நிறைந்துவிடும். வேண்டாம் என்று அவன் சொல்வது பிடிவாதத்தால் இல்லை. தட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கிண்ணமாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை (இடியாப்பம் மாதிரி) நன்றாக இறங்கும். அரிசிம்பருப்பைக் குழைய விட்டு நெய் ஊற்றிக் கொடுக்கலாம். அரை வேக்காடு இல்லாமல் வெந்த முட்டை, வீட்டுத் தயிர், பச்சைப்பயறு கடைந்தது, செலவு ரசம், அவன் சாப்பிடுகிறவன் என்றால் நாட்டுக்கோழிச் சாறு, எல்லாம் ஆகும். களி கொஞ்ச நாளைக்கு வேண்டாம், கனமாக இருக்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் நடுவில் குடித்தால் வயிற்றில் கொஞ்சம் இடம் கிடைக்கும். சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும் என்று சொல்லி அவனுடைய டீயையும் பிடுங்கிவிடாதீர்கள். இளைத்துக்கொண்டே போகிற உடம்புக்கு எது உள்ளே போனாலும் லாபம். முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே வாந்தியில் வந்தால் வழி அடைபட்டிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உள்ளே வழியைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற குழாயை வைத்தோ, சிறுகுடலுக்குள் டியூப் போட்டோ சாப்பாடு கொடுக்க வழி இருக்கிறது.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறினால் முதல் சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது மாதிரி இருக்கும், விடியற்காலையில் பம்பு செட் பைப்பைத் தொட்டால் விரல் சுரீர் என்று மின்சாரம் மாதிரி இழுக்கும். முன்னமே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவான். கேப்சிடபின் மாத்திரையைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ போன் பண்ணிக் கேட்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம். காய்ச்சல் 100.4 தாண்டினால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைத்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது, ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டும். தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலும், ரத்த வாந்தி வந்தாலும் 108. இந்த ஒரு பத்தியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் அய்யய்யோ, முடிவு வந்துவிட்டது என்று வீடே ஒப்பாரி வைக்கும். அப்படி இல்லை. டாக்டர் சொன்ன அளவில் போட்டால் போதைப் பழக்கமும் வராது. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து கூடவே கேட்டு வாங்குங்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு இந்த மருந்து கிடைப்பதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. வலி நிவாரணப் பிரிவு, அதாவது பாலியேட்டிவ் கேர், கடைசி வாரத்துக்கானது என்று நினைத்து ஒத்திப்போடாதீர்கள். கீமோ தொடங்கும்போதே அவர்களையும் பார்த்துவிடுங்கள். வயிற்று உறையில் பரவியிருப்பதால் பின்னால் நீர் கோத்துக்கொள்ளலாம். அதை எடுத்துவிட்டால் மூச்சும் சாப்பாடும் கொஞ்சம் சுலபமாகும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற வலி நிவாரண நர்ஸும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பேரைப் பதிந்து வையுங்கள்.

நீங்கள் என்ன செய்வது என்றுதானே கேட்டீர்கள்? வாசலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி ஒறம்பரை கார் எடுத்துக்கொண்டு வரும், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும், பையனைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழும். அவன் எழுந்து உட்கார்ந்து அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். தாய்மாமன் சொன்னால் நம் பக்கம் மீற மாட்டார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை, சளி இருமல் இருக்கிறவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று ஆளாளுக்கு அக்காவுக்குப் போன் போடுவார்கள். எல்லாவற்றையும் உங்கள் நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். ஆனால் கம்பெனி சோட்டாளிகள் (கூட்டாளிகள்) வந்தால் மணி பார்க்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு நீங்களும் வெளியே வாருங்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அப்புறமும் கேட்காதீர்கள். தெம்பு இருக்கிற வாரத்தில் அவன் இரண்டு மணி நேரம் கம்பெனிக்குப் போய் வருகிறேன் என்றால் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். குளிக்க வைக்கவோ துணி மாற்றவோ ஆள் வேண்டிய நாள் வந்தால், அம்மாவா மாமனா என்று அவனைக் கேட்டுச் செய்யுங்கள். 27 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

கேள்வி: என் அக்காவுக்கு 31 வயது. இரைப்பைப் புற்று, சிக்னெட் ரிங் வகை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் வருமா? நானும் எண்டோஸ்கோப்பி எடுக்க வேண்டுமா? கேட்டால் அக்கா வருத்தப்படும் என்று யாரிடமும் கேட்கவில்லை.
கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: கண்ணு, கேட்டதில் தப்பே இல்லை. இரைப்பைப் புற்றில் பெரும்பாலானது பரம்பரை வழி வருவதில்லை. சிறு வயதில் சிக்னெட் ரிங் வகை (மைக்ராஸ்கோப்பில் செல்கள் மோதிரம் மாதிரி தெரிகிற வகை) வந்தால் மட்டும் டாக்டர்கள் ஒரு படி கூடுதலாக யோசிப்பார்கள். சி.டி.எச்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இளம் வயதில் இரைப்பைப் புற்று வந்த ஒரு மாவோரிக் குடும்பத்தை நியூசிலாந்தில் ஆராய்ந்தபோது, 1998-இல் அந்த மரபணுவில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தார்கள். மொத்த இரைப்பைப் புற்றில் இந்தப் பரம்பரை வகை நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரைதான்.

முதலில் உனக்கு டெஸ்ட் இல்லை, அக்காவின் ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அவரிடம் அந்தப் பிழை இருந்தால்தான் உன்னிடம் தேடுவதற்கு அர்த்தம் உண்டு. அதனால் டாக்டரிடம் மரபணு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் தாத்தா, அத்தை வழியில் யாருக்காவது வயிற்றிலோ மார்பிலோ புற்று வந்திருக்கிறதா என்று பாட்டியிடம் விசாரித்து எழுதி எடுத்துக்கொண்டு போ. மார்பையும் சேர்த்துச் சொல்லக் காரணம், அந்த மரபணுப் பிழை இருக்கிற பெண்களுக்கு ஒரு வகை மார்புப் புற்றும் வரலாம். இது ஒருபுறம் இருக்க, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று மலத்திலோ மூச்சிலோ பார்த்து, இருந்தால் இரண்டு வார மாத்திரையில் சரிசெய்துகொள்வது உன் வீட்டில் எல்லோருக்கும் நல்லது.

அக்கா வருத்தப்படுவார் என்று நினைக்கிறாய். எனக்கென்னவோ, உன்னைப் பற்றி அவர் ஏற்கெனவே யோசித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கேள்.

கேள்வி: என் மகன் பிழைத்து வந்தால் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குகிறேன் (தீ மிதிக்கிறேன்) என்று வேண்டியிருக்கிறேன். அவனையும் கூட்டிப்போய் அம்மன் முன்னால் நிறுத்த ஆசை. கவுச்சியை நிறுத்திவிட்டு விரதம் இருக்கச் சொன்னால் டாக்டர் திட்டுகிறார். என்ன செய்ய?
ஒரு தாய், பவானி

பதில்: அம்மிணி, வேண்டுதல் உங்களுடையது. குண்டம் நீங்கள் இறங்குங்கள், விரதமும் நீங்களே இருங்கள். முட்டையும் கறியும் அவன் தட்டிலிருந்து எடுக்க அம்மன் கேட்கவில்லை. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளணு ரொம்ப இறங்கியிருக்கும். பங்குனிக் குண்டத்தில் லட்சக்கணக்கில் கூடுகிற கூட்டத்தில் அப்போது அவன் நிற்கக் கூடாது. அடுத்த டோஸுக்கு முன்னால், ரத்த டெஸ்ட் நன்றாக இருக்கிற ஒரு சாதாரண வார நாளில், காலையில் காரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அவனுக்கு வர இஷ்டமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு இந்த நோய். போய்ப் பார்க்க வேண்டும், என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். என்ன வாங்கிப் போவது?
பொள்ளாச்சி வாசகர்

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவர்கள் கட்டுத்தறியில் மாடு பால் கறக்க ஆள் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். அதைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கேனைக் கழுவித் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் பாய்ச்சுகிற முறை வந்தால் மோட்டாரைப் போட்டுவிடுங்கள். பையன் வெளியே உட்கார்ந்திருந்தால் தென்னைக்கு வெள்ளை ஈ வந்ததையும் தேங்காய் விலையையும் பேசலாம். நோயைப் பற்றி அவனே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.